பாடம் 9: ஆறு மாதம் கழித்து என்ன திகதி?

பிள்ளைகளே, "நாளைக்கு என்ன திகதி?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். "இன்றிலிருந்து ஆறு மாதம் கழித்து என்ன திகதி?" என்று கேட்டால்? கொஞ்சம் யோசிக்க வேண்டும், இல்லையா? இந்தப் பாடத்தில் அந்தக் கணக்கைத் தமிழில் செய்யப் பழகுவோம்.

இந்தக் கணக்கு எங்கே தேவைப்படும்? நீங்கள் விடுமுறைக்கு இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடவுச்சீட்டு, அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இல்லாவிட்டால் உங்களை விமானத்தில் ஏற விடாமல் திருப்பி அனுப்பக்கூடும்.

கனடாவில் பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 ஆண்டுகள் வரை செல்லும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகள் வரைதான் செல்லும். அதனால் அம்மா, அப்பாவின் கடவுச்சீட்டு சரியாக இருந்தாலும், உங்களுடையது முன்னரே முடிந்துவிடலாம்.

இந்த உரையாடலை இருவர் அல்லது மூவராகச் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள்.

உரையாடல்

(கனடாவில் ஒரு வீடு. 2027 பெப்ரவரி 20. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவைப் பார்க்கப் போக ஆயத்தம் நடக்கிறது.)

அம்மா: ஜூலை 20 கொழும்பில போய் இறங்குறம். டிக்கெட் எடுக்க முதல் எல்லாற்ற பாஸ்போர்ட்டையும் ஒருக்காப் பாருங்கோ.

அண்ணா: மற்ற எல்லாருக்கும் பிரச்சினை இல்லை. தங்கச்சின்ர பாஸ்போர்ட் 2028 ஜனவரி 17ஓட முடியுது.

தங்கச்சி: அது காணுமா, அண்ணா?

அண்ணா: ஓம், காணும். ஒரு மாதத்துக்கு 30 நாள். ஆறு மாதத்துக்கு 180 நாள். ஜூலை 20இல இருந்து 180 நாள் எண்ணினா ஜனவரி 16 வரும். ஒரு நாள் கூடவே இருக்கு!

தங்கச்சி: எல்லா மாதத்துக்கும் 30 நாள் இல்லையே. ஜூலைக்கு 31. ஓகஸ்டுக்கும் 31. மாதத்தை மாதமா எண்ணிப் பாருங்கோ.

அண்ணா: சரி. ஓகஸ்ட் 20, ஒண்டு. செப்டெம்பர் 20, ரெண்டு. ஒக்டோபர் 20, மூண்டு. நவம்பர் 20, நாலு. டிசெம்பர் 20, அஞ்சு. ஜனவரி 20, ஆறு. ஐயோ!

தங்கச்சி: மூண்டு நாள் காணாது, அம்மா! அப்ப நான் அம்மம்மாட்டப் போகேலாதா?

அம்மா: ஏன் போகேலாது? இன்னும் அஞ்சு மாதம் கிடக்கு. புதுப் பாஸ்போர்ட்டுக்கு இப்பவே விண்ணப்பிப்பம். நல்ல காலம், டிக்கெட் எடுக்க முதல் எண்ணிப் பாத்தீங்கள்.

எப்படிக் கணக்கிடுவது?

மாதங்களைக் கூட்டும்போது நாள் எண்ணை மாற்றாதீர்கள். மாதத்தை மட்டும் நகர்த்துங்கள். விரல் விட்டு எண்ணாமலும் செய்யலாம்:

1. மாதத்தின் எண்ணை எடுங்கள். ஜூலை 7ஆவது மாதம்.
2. அதனுடன் 6ஐக் கூட்டுங்கள். 7 + 6 = 13.
3. விடை 12ஐவிடப் பெரிதானால் 12ஐக் கழியுங்கள். 13 − 12 = 1. முதலாம் மாதம் ஜனவரி.
4. 12ஐக் கழித்தால் ஆண்டு ஒன்று கூடும். 2027 இப்போது 2028 ஆகிறது.

விடை: 2028 ஜனவரி 20. தங்கச்சி சொன்னது சரிதான்.

கையிலே ஒரு நாட்காட்டி

எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று மறந்துவிட்டதா? உங்கள் இடது கையை மூடிப் பிடியுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மேடும் பள்ளமும் தெரியும். சுட்டுவிரல் மேட்டில் "ஜனவரி" என்று தொடங்குங்கள். அடுத்த பள்ளம் பெப்ரவரி, அடுத்த மேடு மார்ச். இப்படியே போனால் சின்னவிரல் மேட்டில் ஜூலை வரும். மறுபடியும் சுட்டுவிரல் மேட்டுக்கு வந்து "ஓகஸ்ட்" என்று தொடருங்கள்.

மேட்டில் வரும் மாதங்களுக்கு 31 நாள். பள்ளத்தில் வரும் மாதங்களுக்கு 30 நாள். பெப்ரவரிக்கு மட்டும் 28 நாள். நெட்டாண்டில் அதற்கு 29 நாள். 2028 ஒரு நெட்டாண்டு.

இல்லாத நாள் வந்தால்?

ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டுங்கள். பெப்ரவரி 31! அப்படி ஒரு நாளே இல்லையே. அப்போது அந்த மாதத்தின் கடைசி நாளை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே விடை பெப்ரவரி 28, நெட்டாண்டானால் பெப்ரவரி 29.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2027 ஜனவரி 31உடன் இரண்டு மாதத்தை ஒரேயடியாகக் கூட்டினால் மார்ச் 31 வரும். ஒவ்வொரு மாதமாகக் கூட்டினால் முதலில் பெப்ரவரி 28, பிறகு மார்ச் 28 வரும். மூன்று நாள் எங்கே போனது? பெப்ரவரியில் 31 என்ற எண் 28 ஆகச் சுருங்கியது. பிறகு அது 28 ஆகவே நின்றுவிட்டது. ஆகவே எத்தனை மாதமோ அத்தனையையும் ஒரேயடியாகக் கூட்டுங்கள். கடைசியில் மட்டும் அந்த நாள் உண்டா என்று பாருங்கள்.

எழுதும்போதும் பேசும்போதும்

கடவுச்சீட்டு – பாஸ்போர்ட்
எல்லாருடைய – எல்லாற்ற
தங்கச்சியினுடைய – தங்கச்சின்ர
ஒரு தடவை – ஒருக்கா
போதும், போதாது – காணும், காணாது
போக இயலாதா? – போகேலாதா?
மூன்று – மூண்டு

பயிற்சி

அ. திகதியைக் கண்டுபிடியுங்கள்.
1. 2026 ஒக்டோபர் 12 + 4 மாதம்
2. 2027 மார்ச் 31 + 1 மாதம்
3. 2027 நவம்பர் 30 + 3 மாதம் (2028 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை மறக்காதீர்கள்!)

ஆ. விடை எழுதுங்கள்.
1. அண்ணா எங்கே பிழை விட்டார்?
2. தங்கச்சியின் கடவுச்சீட்டுக்கு இன்னும் எத்தனை நாள் தேவைப்பட்டது?
3. அவர்கள் ஜூலை 15 போய் இறங்கினால் அந்தக் கடவுச்சீட்டு போதுமா? ஏன்?

இ. வீட்டில் செய்யுங்கள்.
அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு உங்கள் கடவுச்சீட்டின் கடைசித் திகதியைப் பாருங்கள். இன்றைய திகதியுடன் ஆறு மாதத்தைக் கூட்டுங்கள். இரண்டில் எது முதலில் வருகிறது? கடவுச்சீட்டின் திகதி முதலில் வந்தால், இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் சொல்லுங்கள்.