சட்டம், பொருளியல், நிதி: இரட்டைப் பட்டப் படிப்பு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூரு நாகரபாவியிலுள்ள இந்தியத் தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம், நிறுவன இயக்குநர் என்.ஆர். மாதவ மேனனின் தலைமையில் 1988-இல் முதல் மாணவர் அணியைச் சேர்த்துக்கொண்டபோது, பள்ளிக் கல்வி முடித்தவர் கலைப் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் ஐந்தாண்டுகளில் ஒருசேரப் பெறும் ஒருங்கிணைந்த படிப்புக்கு நாடு முழுவதும் ஒரு முன்மாதிரி கிடைத்தது. இன்று அதே நகரின் கிறைஸ்ட் பல்கலைக்கழகம் பி.பி.ஏ. எல்எல்.பி. படிப்பையும், சென்னையின் சீர்மிகு சட்டப் பள்ளி பி.காம். எல்எல்.பி. போன்ற படிப்புகளையும் நடத்துகின்றன. படிப்புகள் பெருகிய அளவுக்கு அவற்றைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் பெருகியுள்ளன.

அவற்றுள் மிகுந்த தீங்கு விளைவிப்பது, பொருளியலும் நிதியியலும் சட்டப் பாடங்கள் தொடங்கும்வரை சுமக்க வேண்டிய சுமை என்ற நம்பிக்கையாகும். இதன் தவற்றை உணர்த்தப் பெங்களூருவின் வாடகைக் கார் வழக்கு ஒன்றே போதும். ஓலா நிறுவனம் பெங்களூருவில் அடக்கவிலைக்கும் குறைவாகக் கட்டணம் வாங்கிப் போட்டியாளர்களை வெளியேற்ற முயல்கிறது என்று சென்னையில் தோன்றிய ஃபாஸ்ட் டிராக் நிறுவனமும், பின்னர் மெரு நிறுவனமும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் 2015-இல் முறையிட்டன. சராசரியாக 344 ரூபாய் வருவாய் தரும் ஒரு பயணத்துக்கு, பயணிகளுக்கான தள்ளுபடியும் ஓட்டுநர்களுக்கான ஊக்கத்தொகையும் உட்பட 574 ரூபாய் செலவிடப்பட்டு, 230 ரூபாய் நட்டம் ஏற்கப்படுகிறது என்பது குற்றச்சாட்டின் சாரம். போட்டிச் சட்டம், 2002-இன் 4-ஆம் பிரிவு இத்தகைய விலையைத் தடை செய்கிறது; ஆனால் அத்தடை, சந்தையில் ஆதிக்க நிலை பெற்ற நிறுவனத்துக்கே, அதாவது போட்டியாளர்களைப் பொருட்படுத்தாமல் நடந்துகொள்ளும் வலிமை பெற்ற நிறுவனத்துக்கே பொருந்தும். மேலும், அடக்கவிலை என்பது பொதுவாகச் சராசரி மாறும் செலவையே, அதாவது சேவையின் அளவுக்கேற்பக் கூடிக் குறையும் செலவை அந்த அளவால் வகுத்தால் கிடைக்கும் தொகையையே குறிக்கும் என்று ஆணையத்தின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வகுத்திருந்தன. முதலீட்டாளர் பணத்தால் எவ்வளவு காலம் நட்டத்தைத் தாங்க முடியும், பயணிகள் பெருகினால் ஓட்டுநர்களும் ஓட்டுநர்கள் பெருகினால் பயணிகளும் சேரும் வலையமைப்பு விளைவு புதியவர்களின் நுழைவைத் தடுக்குமா என்ற கேள்விகளைச் சட்டப் பிரிவின் சொற்களை மட்டும் கொண்டு தீர்க்க இயலாது. போட்டி நிறுவனமான ஊபரின் விரைவான வளர்ச்சியைக் கருத்தில் கொண்ட ஆணையம், ஓலா ஆதிக்க நிலையில் இல்லை என்று 2017-இல் முடிவு செய்தது. முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் பொருளியலின் துணையின்றி வாதாட முடியாத வழக்கு அது.

சட்டம் பிடிக்காவிட்டால் மூன்றாம் ஆண்டில் பி.ஏ. அல்லது பி.பி.ஏ. பட்டத்தோடு வெளியேறலாம் என்ற ஆறுதல் பல வீடுகளில் சொல்லப்படுகிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் 13-ஆம் விதி, ஒருங்கிணைந்த படிப்பைப் பிரித்து இடையில் பட்டம் வழங்குவதையும், பட்டதாரி என்ற அடிப்படையில் இடையில் சேர்வதையும் தடை செய்கிறது. ஏற்கெனவே பொருளியலிலோ வணிகவியலிலோ பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டு எல்எல்.பி. என்ற நேரிய வழி உண்டு. காலம் ஓராண்டு கூடினாலும், மனம் உறுதிப்படாத மாணவருக்கு அதுவே பாதுகாப்பான வழி.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ஒரே காலத்தில் இரு பட்டங்கள் படிக்க அனுமதித்ததால், ஒரு கல்லூரியில் சட்டமும் மற்றொன்றில் நிதியியலும் படிக்கலாம் என்று நம்புவோரும் உளர். அந்த அனுமதி தொழில்முறை அமைப்புகளின் விதிகளுக்கு உட்பட்டது. மேற்சொன்ன சட்டக் கல்வி விதிகளில் 6-ஆம் விதி, தொலைநிலைப் படிப்பு, குறுகிய காலச் சான்றிதழ் படிப்பு போன்ற சில விலக்குகள் தவிர, சட்டப் படிப்போடு வேறொரு முறையான படிப்பில் சேர்வதைத் தடுக்கிறது.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்தவருக்கே இப்படிப்பு உரியது என்பதும் தவறு; எந்தப் பிரிவினரும் சேரலாம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வில் கணக்குப் பகுதி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே, அதுவும் பத்தாம் வகுப்பு அளவிலானது. எனினும் நுழைந்த பிறகு வரைபடங்களையும் நிதிநிலை அறிக்கைகளையும் வாசிக்கும் பொறுமை தேவைப்படும் என்பதை மறைப்பது மாணவருக்கு நன்மை செய்வதாகாது.

பட்டம் கையில் வந்ததும் வழக்குரைஞராகவும் நிதி வல்லுநராகவும் ஒருசேர ஆகிவிடலாம் என்ற எதிர்பார்ப்பும் திருத்தப்பட வேண்டியது. வழக்குரைஞராகப் பதிவு செய்தவர் அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். முழுநேர ஊதியப் பணியில் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தவர் பொதுவாக அப்பணியில் இருக்கும்வரை வழக்குரைஞராகத் தொழில் செய்ய இயலாது. நிறுவனக் கணக்குகளின் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் உரிமை பட்டயக் கணக்காளருக்கே உரியது, பி.காம். எல்எல்.பி. அதற்கு ஈடாகாது.

எனவே பட்டத்தின் பெயரில் பொருளியலோ நிதியியலோ இருப்பதை மட்டும் பார்த்துப் பெற்றோர் கட்டணம் செலுத்திவிட வேண்டாம். அப்பாடங்கள் எத்தனை தாள்களாக, எந்தெந்த ஆண்டுகளில் கற்பிக்கப்படுகின்றன என்பதையும், படிப்புக்குப் பார் கவுன்சிலின் ஒப்புதல் நடப்பில் உள்ளதா என்பதையும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே சேர்க்கையை முடிவு செய்ய வேண்டும்.