எடை குறைந்தது சரி, எது குறைந்தது?

"சுகர் வந்து பத்து கிலோ இறங்கிட்டேன், நல்லதுதானே?"

தொந்தி கரைந்து இறங்கியிருந்தால் நல்லது. ஆனால் ஐம்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் பலருக்குத் தொந்தி அப்படியே இருக்க, தொடையும் பின்புறமும் தோளும்தான் வற்றுகின்றன. பேன்ட் இடுப்பில் பிடிக்கிறது, தொடையில் தொளதொளக்கிறது என்றால் போனதில் பெரும்பகுதி தசையாக இருக்கலாம். எடை மெஷின் இதைச் சொல்லாது.

சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்ததும், இன்சுலின் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முக்கியமான இடம் தசை. தசை குறையக் குறையச் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. தசை கரையாமல் காப்பதும் இன்சுலின் செய்யும் வேலைதான். அது சரியாக வேலை செய்யாதபோது தசை இன்னும் வேகமாகக் கரைகிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும். வயதானால் கால் தளரத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறோமே, அந்தத் தளர்ச்சியில் சர்க்கரைக்கும் பங்கு உண்டு.

"ஒல்லியா இருக்கேன், எனக்கென்ன?"

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நின்றார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. சட்டைக்குமேல் பார்த்தால் இருவரும் ஒல்லி. நம்மவர்களின் ஒல்லி பல நேரம் தசை குறைந்த ஒல்லி.

"தினம் வாக்கிங் போறேன், போதாதா?"

இதயத்துக்கு நல்லது, நிறுத்த வேண்டாம். (திரும்பி வரும் வழியில் டீயும் வடையும் தனிக் கணக்கு.) ஆனால் சமதரையில் பேசிக்கொண்டே நடப்பதில் தசைக்குப் புதிதாக எந்தச் சுமையும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லதா பழனியப்பன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நடை போன்ற மூச்சு வாங்கும் பயிற்சியையும் எடைப் பயிற்சியையும் நேரடியாகவே ஒப்பிட்டது. பிஎம்ஐ 25-க்குக் குறைவான டைப் 2 நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து, 9 மாதம் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அதிகமாக இறங்கியது. குண்டானவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒல்லியான சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊருக்கு இது வேண்டிய செய்தி.

எடைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போன்றவற்றை வாரம் இரண்டு மூன்று நாள் செய்தால் போதும். எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழச் செய்யும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் பெரிய சுமை தூக்கக் கூடாது.

"இந்த வயசுல வெயிட் தூக்கறதா?"

1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதையொட்டிய சிலரை 8 வாரம் கால்களால் சுமை தூக்க வைத்தார்கள். அவர்களின் கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டியது.

"சாம்பார்தான் இருக்கே, புரதத்துக்கு என்ன குறை?"

சர்க்கரை என்றதும் நம் வீடுகளில் அரிசியை நிறுத்திச் சப்பாத்தி, ஓட்ஸ், கேழ்வரகுக் கூழ் என்று மாறுவார்கள். பெரும்பாலும் மாவுச்சத்துக்குப் பதில் மாவுச்சத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. இரவு இரண்டு இட்லியில் 4 கிராம் சொச்சம். சாம்பார் என்று அள்ளி ஊற்றுவதில் பெரும்பகுதி தண்ணீர். சுண்டல், கெட்டியான பருப்பு, தயிர், மீன், முட்டை என்று மூன்று வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும்.

"புரதம் கிட்னியைக் கெடுக்கும்."

கெட்டுப்போன கிட்னிக்கு அளவு உண்டு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நல்ல கிட்னியை முட்டையும் பருப்பும் கெடுப்பதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்தால் நம் கிட்னி எந்த வகை என்று தெரிந்துவிடும்.

தசை நிலையைப் பார்க்கவோ செலவே இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், தசை இழப்புக்கான ஆசியப் பணிக்குழுவின் 2019 வரையறைப்படி மருத்துவரிடம் கேட்க வேண்டிய நிலை. கெண்டைக்கால் பருத்த இடத்தில் டெய்லர் டேப் வைத்து அளந்து, ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே வந்தாலும் அப்படித்தான். கால் வீங்கியிருந்தால் மட்டும் இந்த டேப் கணக்கை நம்ப வேண்டாம்.