வீட்டு ஸ்நான அறையைச் சீர்திருத்தும் முறை

சுந்தரபாண்டியபுரம் போன்று வயலும் குளமும் சூழ்ந்த ஊர்களில் ஸ்நானம் என்பது நெடுங்காலம் வீட்டுக்கு வெளியே நடக்கும் காரியமாகவே இருந்துவந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்து அருவி. மற்ற நாட்களில் குளம், வாய்க்கால், கிணற்றடி. பாத்திரம் துலக்கவும் கைகால் அலம்பவும் ஏற்பட்ட அங்கணமே வீட்டுக்குள் ஜலம் புழங்கிய இடம். இன்று அந்த அங்கணத்தையும் புறவாசலில் உள்ள மறைப்பையும் நீக்கி, ஸ்நானத்துக்கும் கக்கூஸுக்கும் சேர்த்து ஓர் அறை கட்டிக்கொள்ள விரும்பும் குடும்பங்கள் பல. அவர்கள் கொத்தனாரை அழைத்ததும் டைல்ஸின் நிறத்தைப் பற்றியே முதலில் பேசுகிறார்கள். அது கடைசியில் பேச வேண்டிய விஷயம்.

இப்பாடத்தின் சாரம் ஒன்றே. ஜலம் வரும் வழியை யோசிக்குமுன் அது போகும் வழியைத் தீர்மானிக்க வேண்டும். சுவரில் நேர்ந்த பிழையைப் பின்னர் எளிதில் திருத்தலாம். பூமிக்குக் கீழே நேர்ந்த பிழையைத் திருத்தவோ, போட்ட தளத்தையே உடைக்க நேரிடும்.

உதாரணமாக, 5 பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் முழங்கால் வலியுள்ள ஆச்சி ஒருவர் இருக்கிறார். புறவாசலில் கிணறு உண்டு. அறைக்கு 8 அடி நீளமும் 5 அடி அகலமும் கிடைக்கிறது. ஸ்நானமும் கக்கூஸும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 30 சதுர அடிக்குக் குறையாமலும், அகலம் 4 அடிக்குக் குறையாமலும் இடம் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. ஆகவே 40 சதுர அடி தாராளமாகப் போதும்.

1. கிணறும் குழியும்

முதல் வேலை, கிணற்றில் ஜலம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதென்று அளப்பது. சித்திரையில் அளந்தால் அக்கணக்கு ஏமாற்றிவிடும். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பியிருக்கும் கார்த்திகை மாதத்தில் அளக்க வேண்டும். கக்கூஸ் குழியின் அடிமட்டம் அந்த ஜலமட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே இருத்தல் அவசியம். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 10 மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். இடமிருந்தால் 15 மீட்டர் விடுவது நலம். பாறை வெடிப்புள்ள நிலத்தில் அசுத்தம் வெகுதூரம் ஓடக்கூடுமாதலால் இன்னும் எச்சரிக்கை தேவை. அண்டை வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இரண்டு குழி முறை கிராமத்து வீட்டுக்கு மிகவும் ஏற்றது. சுமார் 1 மீட்டர் விட்டமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள இரு குழிகளை, நடுவே 1 மீட்டர் இடைவெளி விட்டு வெட்டி, உள்ளே செங்கல்லைச் சந்து விட்டு அடுக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு குழியே உபயோகத்தில் இருக்கும். அது நிரம்பச் சுமார் 3 ஆண்டு ஆகும். பின்பு பிரிவுத் தொட்டியில் வழியை மாற்றி மற்றக் குழிக்கு விடவேண்டும். மூடப்பட்ட குழி 2 ஆண்டு சும்மா இருந்தால், உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும்.

கக்கூஸிலிருந்து குழிக்குச் செல்லும் குழாய்க்கு 15 அடிக்கு 1 அடி வீதம் சரிவு தேவை. குழி 30 அடி தள்ளியிருந்தால் குழாய் 2 அடி கீழிறங்கிவிடும். அந்த அளவுக்குக் குழியும் ஆழமாகி ஜலமட்டத்தை நெருங்கும். ஆகையால் குழி கிணற்றுக்குத் தூரமாகவும் கக்கூஸுக்குச் சமீபமாகவும் அமைய வேண்டும். அறையை எந்த மூலையில் கட்டுவது என்பதை இதுவே முடிவு செய்கிறது.

ஜலமட்டம் மிக உயர்ந்த இடத்தில் இம்முறை உதவாது. காவிரிக் கரையிலுள்ள முசிறியில் இத்தகைய நிலத்தை உத்தேசித்தே, பூமிக்கு மேல் தொட்டி கட்டி மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே சேர்த்து உரமாக்கும் கக்கூஸ்கள் ஏற்பட்டன. அதற்காக உழைத்த மராச்சி சுப்புராமனுக்கு 2021-ம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2. இரண்டு ஜலத்தையும் கலக்கலாகாது

ஸ்நானம் செய்த ஜலத்தைக் கக்கூஸ் குழியில் விட்டால் குழி விரைவில் ஊறி நிரம்பும். அதற்குத் தனி ஜலதாரை வைத்து, உறிஞ்சு குழிக்கோ வாழைப் பாத்திக்கோ விட வேண்டும். தெருவில் விடுவது கொசுவை வளர்ப்பதாகும். கக்கூஸ் கோப்பையும் செங்குத்தான சரிவுள்ளதாக இருந்தால் ஒரு முறைக்கு 2 லிட்டர் ஜலமே போதும். சாதாரணக் கோப்பைக்கு 10 லிட்டருக்கு மேல் செலவாகும். கோடையில் குடம் சுமப்பவர் இவ்வித்தியாசத்தை அறிவார்.

3. தரை

தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுக்க வேண்டும். 8 அடி நீளத்துக்கு 2 அங்குலம் ஆகிறது. வாசற்படியருகே அறையின் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு முடிந்ததும் ஜலதாரையை அடைத்துத் தரையில் ஜலம் கட்டி, ஒரு நாள் முழுதும் கவனியுங்கள். மட்டம் இறங்காமலும் பக்கத்துச் சுவர் நனையாமலும் இருந்த பிறகே டைல்ஸ் பதிக்கலாம்.

4. வயோதிகரும் மின்சாரமும்

ஆச்சிக்கு வழுவழுப்பான டைல்ஸ் ஆபத்து, சொரசொரப்பானதே வேண்டும். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பியும், உட்கார உயரமான கோப்பையும் அமைக்கலாம். கதவு வெளிப்புறம் திறந்தால், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டாலும் மற்றவர் திறந்து உதவலாம். கூரையை ஒட்டி ஒரு ஜன்னல் அவசியம். கீசர் வைப்பதானால் எர்த் கம்பியும், மின்கசிவு நேர்ந்தவுடன் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்பு சுவிட்சும் இல்லாமல் வைக்கலாகாது.

5. பணம்

கடன் மனு எழுதுமுன் மதிப்பீட்டை எழுதுங்கள். குழியும் குழாயும் ஒரு பகுதி. தரையும் சுவரும் ஒரு பகுதி. டைல்ஸும் அலங்காரமும் ஒரு பகுதி. பணம் குறைந்தால் மூன்றாவதில் குறையுங்கள்; முதலாவதில் கை வைக்க வேண்டாம். கொத்தனாருக்குக் கடைசித் தவணையை ஜலச் சோதனை முடிந்த பின் கொடுப்பதென்று முன்னரே பேசிக்கொள்வது இருவருக்கும் நியாயம். நாலைந்து அங்கத்தினர்கள் சேர்ந்து கோப்பை, குழாய், செங்கல் ஆகியவற்றை மொத்தமாக வாங்கினால் விலையும் வண்டிக்கூலியும் குறையும்.

முடிவாக ஒன்று. ஏற்கெனவே செப்டிக் டாங்க் உள்ளவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை உறிஞ்சு லாரி வைத்தே அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குள் எந்த மனிதரையும் இறக்கலாகாது. உள்ளே தங்கும் விஷவாயு சில நிமிஷங்களில் உயிரைக் கொன்றுவிடும். சில சாதியார் தலையிலேயே இவ்வேலையைச் சுமத்திவந்தது நமது சமூகத்தின் குற்றம். 2013-ம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடுக்கிறது. இவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பணம் உயிரைத் திருப்பித் தராது. லாரி வந்து நிற்க வழியுண்டா என்பதையும் திட்டத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை:

1. உங்கள் கிணற்றில் கார்த்திகையில் ஜலம் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது?

2. உங்கள் குழி, அண்டை வீட்டுக் கிணற்றுக்கு எத்தனை மீட்டர் தூரம்?

3. உங்கள் அங்கணத்து ஜலம் இப்பொழுது எங்கே போய்ச் சேருகிறது?