எண்பதிலேயே நிற்கும் நைட்ரேட்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் எங்கள் வீவக வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. கோமாளி மீன் இரண்டு, மஞ்சள் டாங் ஒன்று, சிறு மீன்கள் மூன்று; ஹாமர் பவளமும் சில ஸோவாந்திடுகளும் உண்டு. ஸ்கிம்மர் ஒன்று தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் 20 லிட்டர் நீர் மாற்றுகிறேன். ஆனாலும் மாற்றுவதற்கு முன் அளந்தால் மூன்று மாதமாக நைட்ரேட் 80 பிபிஎம். ஹாமர் முன்போல் விரிவதில்லை. வோட்கா ஊற்றினால் குறையும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வோட்காவைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே ஒரு கணக்கு இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடுவோம். 200 லிட்டரில் 20 லிட்டரை மாற்றினால் நைட்ரேட்டில் பத்தில் ஒரு பங்கு போகிறது. 80 இருந்தது 72 ஆகும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் 80 காட்டுகிறது என்றால், அந்த இரண்டு வாரத்தில் தொட்டி 8 பிபிஎம் நைட்ரேட்டை உண்டாக்கியிருக்கிறது. எடுப்பதும் சேர்வதும் சமம். இப்படியே பத்து ஆண்டு மாற்றினாலும் எண் அசையாது.

வாரம் 4 சேர்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி வாரந்தோறும் 40 லிட்டர் மாற்றினால், நீர் மாற்றும் முன் எடுக்கும் அளவு மெல்ல இறங்கி 20 பக்கம் வந்து நிற்கும். அதோடு தீனியையும் பாதியாக்கினால் சேர்வது ஏறத்தாழ 2 ஆகும். நிற்கும் இடம் 10. எட்டு வாரத்தில் 22 அளவுக்கு வந்துவிடலாம்.

இந்தக் கணக்கு முழுக்க ஒரு அளவீட்டை நம்பி நிற்கிறது. 40க்கும் 80க்கும் சோதனைக் குழாயில் சிவப்பு நிறம் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். தொட்டி நீர் ஒரு பங்கு, ஆர்ஓ நீர் நான்கு பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். சோதனைப் பெட்டியின் இரண்டாவது குப்பியில் அடியில் தங்கும் பொடி கரைய நன்றாகக் குலுக்க வேண்டும். புதிதாகக் கரைத்த உப்புநீரையும் ஒருமுறை சோதியுங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் சேர்க்கிறார்கள். அதை உடைத்தால் அமோனியா மிஞ்சும், அதுவும் கடைசியில் நைட்ரேட்தான். அளவு சிறிது என்றாலும், டிஐ பிசின் உள்ள ஆர்ஓ வடிகட்டி வைத்துக்கொள்வது நல்லது.

தீனியில்தான் வேலை அதிகம். மீன் தின்னும் புரதம் அமோனியாவாகிறது. பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதற்குமேல் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். பாறையின் நுண்துளைகளுக்குள் ஓரளவு நடக்கிறது, ஆறு மீனின் கழிவுக்கு அது போதாது. உறைந்த மைசிஸை வடிகட்டியில் உருக்கி, நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே போதும். பஞ்சையும் ஸ்பாஞ்சையும் வாரம் இருமுறை அலசுங்கள். அங்கே தேங்கும் கழிவு தொட்டிக்குள்ளேயே மக்குகிறது. மணலைப் பகுதி பகுதியாக உறிஞ்சியெடுங்கள், ஒரே நாளில் முழுவதையும் கிளறாதீர்கள்.

மஞ்சள் டாங் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹவாய்ப் பவளத்திட்டுகளில் நாள் முழுக்க நீந்தி மேய்கிற மீன் அது. 200 லிட்டர் அதற்குப் பற்றாது. பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் அதற்கும் நல்லது, உங்கள் நைட்ரேட்டுக்கும் நல்லது.

அவசரப்பட்டு ஒரே வாரத்தில் பாதி நீரை இருமுறை மாற்றிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு ஹாமரை இழந்திருக்கிறேன். நைட்ரேட் விழுந்தது மட்டும் காரணமில்லை. புது உப்புநீரின் கேஎச் 11க்கு மேல், தொட்டியில் 8. இரண்டுக்கும் நடுவே பவளம் தாங்கவில்லை. மாற்றும் நீரின் உப்பளவு, வெப்பம், கேஎச் மூன்றும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும்.

பூஜ்யத்தைத் துரத்தவும் வேண்டாம். பவளத்திட்டைச் சூழ்ந்த கடலில் நைட்ரேட் 1 பிபிஎம்முக்கும் வெகு கீழேதான். ஆனால் அங்கே நீரோட்டம் ஓயாமல் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. உங்கள் தொட்டியில் அது இல்லை. பவளத்துக்குள் வாழும் பாசிக்கும் நைட்ரஜன் வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டிகளில் பவளம் வெளுப்பதையும், பழுப்பு நிற டைனோஃபிளாஜெல்லேட் கோழைபோலப் படர்வதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் பவளங்களுக்கு 5 முதல் 10 வரை இருக்கலாம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகும் இறங்காமல் 20க்கு மேலேயே நின்றுவிட்டால், தொங்கும் பெட்டி ஒன்றில் கீட்டோ பாசி வளர்த்து, இரவில் அதற்கு விளக்கு போடுங்கள். கைப்பிடி கைப்பிடியாகப் பிடுங்கி எறியும்போதுதான் நைட்ரேட் வெளியே போகிறது, வளர்ந்ததோடு விட்டால் பயனில்லை. அதுவும் போதவில்லையென்றால் உங்கள் நண்பரின் வழிக்கு வரலாம். வோட்கா கரிமத்தைத் தருகிறது. அதைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டை உடலில் ஏற்றுக்கொள்ளும். ஸ்கிம்மர் அவற்றை நுரையோடு வெளியேற்றும். ஐந்து விழுக்காடு வெள்ளை வினிகரும் இதே வேலையைச் செய்யும், நான் அதையே விரும்புகிறேன். நாளுக்கு ஒரு மில்லியில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு மில்லிதான் கூட்ட வேண்டும். நீர் பால்போலக் கலங்கினால் உடனே நிறுத்துங்கள். பெருகிய பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், இரவில் மீன்கள் மூச்சுத் திணறும். ஸ்கிம்மர் பழுதான நாளில் ஒரு சொட்டும் விடக் கூடாது.