மட்டை பிடிக்காத நேரத்தில் என்ன பயிற்சி?

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில், தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர் அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம். அடுத்த ஆண்டு சென்னை ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் மலேசியாவுக்கு எதிராகவும் ஒன்று போட்டார். அவரைப் பார்த்து அரியலூரிலும் பெரம்பலூரிலும் மட்டை எடுக்கும் பிள்ளைகள் உடம்பை வலுப்படுத்த என்ன செய்யலாம்? ஜிம்மா, வீட்டுப் பயிற்சியா, மைதானத்திலேயே ஜோடி சேர்ந்து செய்வதா?

ஹாக்கி உடம்பை எங்கே பதம் பார்க்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். இடக்கை மட்டைக்கு விதியில் இடமே இல்லை. எல்லோரும் இடது கை மேலே, வலது கை கீழே என்று பிடித்து, ஒரே பக்கமாகத் திருகிக் குனிந்தபடி ஓடுகிறார்கள். குறுக்கு வலி அதனால்தான் சகஜம். அடுத்து, பாய்ந்து ஓடும்போது தொடையின் பின்பக்கம் சுண்டி இழுப்பது. கணுக்கால் பிசகுவதும் உண்டு.

ஜிம்மில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அந்த வசதி வேறெங்கும் இல்லை. ஆனால் பல இடங்களில் நெஞ்சும் புஜமும்தான் கவனம் பெறும். அது கண்ணாடிக்கு நல்லது, பந்தை மறிக்க உதவாது. பணம் கட்டுமுன், “வெறும் கம்பியை வைத்து டெட்லிஃப்ட் சொல்லித் தருவீர்களா?” என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு ஜிம் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் தண்டாலும் பஸ்கியும் போதும். பஸ்கி நூறைத் தொட்டபின் வளர்வது தம், பலம் அல்ல. புத்தகப் பையை முதுகில் மாட்டி ஒற்றைக் காலில் இறங்கி ஏறுங்கள். தண்டாலில் முதுகுக்கு வேலை குறைவு. வேப்பங்கிளையில் தொங்கி ஏறினால் அது சரியாகும்.

என் ஓட்டு ஜோடிப் பயிற்சிக்குத்தான். அதில் ஒன்றை ‘நார்டிக்’ என்பார்கள். முட்டிபோட்டு நிமிர்ந்து நில்லுங்கள். கூட்டாளி இரு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை, ஐந்தைந்தாக இரண்டு சுற்றில் தொடங்கினால் போதும். முதல் சில வாரம் மாடிப்படி இறங்கும்போது தொடை கத்தும், பயப்பட வேண்டாம். ஆட்டத்துக்கு முந்தைய நாள் மட்டும் கூடாது. கால்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வுகளில் இது பின்தொடைக் காயங்களைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. செலவு, முட்டிக்கடியில் மடித்துப் போட ஒரு சாக்கு.

மண் தரையிலேயே ஆடிப் பழகியவர்கள், ஆஸ்ட்ரோ டர்ஃபில் போட்டி என்றால் முடிந்தவரை முந்தின நாளே போய் ஓடிப் பாருங்கள். அங்கே கால் பிடிப்பதும் பந்து வரும் வேகமும் வேறு.

பந்தின் எடை 156 முதல் 163 கிராம். முகத்துக்கு வந்தால் எந்தத் தசையும் தடுக்காது. கையில் ஒரு மாத ஜிம் காசுதான் இருக்கிறதென்றால், முதலில் பல் காப்பும் முழங்கால் கீழ்க் காப்பும் வாங்குங்கள்.