தொப்பூர் இறக்கமும் பேசிக்கொள்ளும் வண்டிகளும்

ஒன்பதாம் வகுப்பில் ‘இயக்கம்’ பாடம் நடத்தும்போது தொப்பூர் கணவாய் தானாகவே பேச்சில் வந்துவிடும். கடத்தூரில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் லாரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. “டிரைவர் இல்லாத வண்டி வந்தா அங்க விபத்தே நடக்காதா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். விடையை மைதானத்தில் தேடினோம்.

செயல்பாடு

பத்து மாணவர்களை நெருக்கமான வரிசையில் நடக்கச் செய்தேன் (ஓடக் கூடாது). முதல் சுற்றில், முன்னால் செல்பவரை மட்டுமே பார்க்க வேண்டும். முதல் மாணவர் திடீரென நின்றதும் பின்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதினர். இரண்டாம் சுற்றில், நிற்பவர் “நில்!” என்று உரக்கச் சொன்னார். அனைவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றனர். தானியங்கி வண்டிகள் வானொலி அலை மூலம் செய்தி பரிமாறிக்கொள்வதும் இப்படித்தான்.

மூன்றாம் சுற்றில் இருவர் காதில் பஞ்சு வைத்தேன். மோதல் அவர்களிடத்தில் மீண்டும் வந்தது. அவர்களுக்கு முன்னால் கூடுதல் இடைவெளி விட்டதும் மோதல் நின்றது.

கணக்கு

மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 20 மீ. ஓட்டுநர் பார்த்து பிரேக்கை மிதிக்க 1.5 வினாடி ஆனால், அதற்குள் வண்டி 30 மீ. சென்றுவிடும். செய்தி கிடைத்து 0.1 வினாடியில் பிரேக் இயங்கினால் 2 மீ. மட்டுமே. ஆனால் எதிர் முடுக்கம் 5 மீ/வி² எனில், பிரேக் பிடித்தபின் ஓடும் 40 மீ. இருவருக்கும் ஒன்றே. சுமையும் இறக்கமும் சூடேறிய பிரேக்கும் அதை இன்னும் கூட்டும். செய்தி அதைக் குறைக்காது.

டெல்லி மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பர் 28 அன்று ஓட்டுநரில்லா ரயில் தொடங்கியது. எந்த ரயில் எங்கே உள்ளது என்பது வானொலி வழியே கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரியும். ஒவ்வொன்றும் எதுவரை செல்லலாம் என்பதை அதுவே சொல்லும். அந்தத் தடத்தில் ஆடு மாடு குறுக்கே வராது. நம் சாலையில் காதில் பஞ்சு வைத்த வண்டிகளே அதிகம். எனவே, பேசும் வண்டியும் இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

மதிப்பீடு

1. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் இதே கணக்கைச் செய்க. (விடை: 22.5 மீ., 1.5 மீ.; பிரேக் பிடித்தபின் 22.5 மீ.)

2. இறக்கத்தில் ஏன் கீழ் கியரில் இறங்க வேண்டும்? வீட்டிலோ ஊரிலோ உள்ள ஓட்டுநரிடம் கேட்டு எழுதி வருக.

இரண்டாவது கேள்விக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கிவிடுங்கள். பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள்.