சிறை மீண்டவருக்கு நிலையான வேலை

சிறையிலிருந்து விடுதலை பெற்று வருகிறவருக்கு முதலில் வேண்டியது என்ன என்று கேட்டால், வேலை என்று நாம் எல்லோரும் சொல்லிவிடுவோம். அது சரிதான். ஆனால் வேலை கிடைப்பது ஒன்று. அதில் நிலைப்பது வேறொன்று. கடை வைத்து ஆட்களை அமர்த்தும் நாம் இந்த வித்தியாசத்தை நன்கு அறிந்து கொள்வது அவசியம்.

சிங்கப்பூரில் வேலை தேடித் தரும் ஏற்பாட்டுக்குக் குறைவில்லை. 1976-ல் இதற்கென ஸ்கோர் என்னும் கழகத்தை அரசாங்கம் அமைத்தது. 2004-ல் மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கிற்று. 2020-ல் அக்கழகமே மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சிறைக்குள் இருக்கும்போதே தொழில் கற்பித்து, விடுதலைக்கு முன்பே வேலைக்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

1998-ல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேர் ஈராண்டுக்குள் மீண்டும் சிறை சென்றனர். அண்மை ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 20 ஆகக் குறைந்துவிட்டது. மகிழ்ச்சியே. ஆயினும் ஐந்தாண்டு வரை எண்ணிப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே முதலாண்டு முயற்சி மட்டும் போதாது என்பது தெளிவு.

வந்தவர் ஏன் நிலைப்பதில்லை? கடைக்காரர் கண்ணால் பார்த்தால் நான்கு காரணங்கள் புலப்படும்.

முதலாவது, சம்பள நாள். வெறுங்கையோடு வருகிறவருக்கு பஸ் கட்டணமும் சாப்பாடும் மாதக் கடைசி வரை காத்திரா. கடன் கேட்டுப் பழைய கூட்டாளியிடம் போனால், பழைய வழியும் கூடவே வரும். முதல் இரண்டு மாதமேனும் வாரச் சம்பளமாகக் கொடுத்துவிடலாம். அதனால் நமக்கு நஷ்டம் எதுவுமில்லை.

இரண்டாவது, நேரம். போதைப் பொருள் வழக்கில் வந்தவர்களில் கண்காணிப்பில் உள்ளவர் குறித்த நாளில் பரிசோதனைக்குச் சென்றே தீரவேண்டும். தவறினால் அதுவே குற்றமாகும். அந்த நாட்களை முன்கூட்டியே கேட்டு வேலை அட்டவணையில் எழுதிவிட்டால், அதை "மட்டம்" என்று யாரும் பேசமாட்டார்கள்.

மூன்றாவது, சந்தேகம். கல்லாவில் பத்து வெள்ளி குறைந்தால் எல்லார் கண்ணும் அவர் பக்கமே திரும்பும். பெட்டியடியில் ஆள் மாறும்போதெல்லாம் இருவர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்திடும் வழக்கத்தை முதலாளி உட்பட எல்லாருக்கும் வைத்துவிட்டால், திருடாதவர் தப்பிப்பார். அவருடைய முன்கதை முதலாளிக்கும் மேற்பார்வையாளர் ஒருவருக்கும் தெரிந்தால் போதும். வாடிக்கையாளரிடமும் சக ஊழியரிடமும் அதைச் சொல்வது நம் வேலையன்று.

நான்காவதுதான் பெரியது: உயர்வின்மை. கிட்டங்கியில் மூட்டை சுமக்க வந்தவர் மூன்றாம் ஆண்டிலும் மூட்டையே சுமந்தால் மனம் சலித்துப் போகாதா? சரக்குக் கணக்கு எழுதவும், மொத்த வியாபாரியிடம் பேசி வாங்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒத்த வேலைக்கு ஒத்த சம்பளம் என்பதும் மறக்கலாகாது. தர்மமாக ஒரு வேலையும் அதற்கு அரைச் சம்பளமும் கொடுப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இத்தகையோரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு 2023-ல் அரசாங்கம் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. முதல் 9 மாதங்களுக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு, மாதத்துக்கு 600 வெள்ளி வரை கிடைக்கும் என்பது அத்திட்டம். நல்ல உதவிதான். ஆனால் அதற்காகவே ஆள் எடுக்கிறவர் பத்தாம் மாதம் அனுப்பிவிடுவார். நாம் அப்படிச் செய்தால் அவருக்கு வேலை கொடுத்தவர்களாக மாட்டோம். வேலையின்மையை ஒன்பது மாதம் தள்ளி வைத்தவர்களாவோம்.

சகோதரர்களே! நம்மில் கடையும் உணவகமும் நடத்துவோர் பலர் இருக்கிறோம். கடைக்கு ஓர் இடம் ஒதுக்கினாலும் அது சிறிய காரியமன்று. ஆளைச் சேர்த்த நாளை மட்டும் கணக்கில் வையாமல், மூன்றாம் ஆண்டில் அவர் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்பதைக் கணக்கில் வைப்போமாக. ஹலாலாக உழைத்த சம்பளத்தை மாதந்தோறும் வீட்டில் கொடுக்கும் தகப்பனைப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவும் இதைச் செய்ய வேண்டும்.